பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு

அரபு மொழியில் பாதையைக் குறிக்கும் சொற்கள் பல. ஸிராத் என்பதும் பாதை. ஸபீல் என்பதும் பாதை. தரீக் என்பதும் பாதையே. இவற்றுள் தரீக் என்னும் சொல், தட்டுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது என்பர் மொழி வல்லார். பல்லாயிரம் பாதங்கள் தட்டித் தட்டி உண்டாக்கியதே பாதை என்பது அதன் உட்கருத்து. நம் தமிழிலோ நெறி என்ற ஒரே சொல், நடந்து செல்லும் வழியையும் நடந்துகொள்ளும் முறையையும் ஒருங்கே குறிக்கிறது. பாதை என்பது மண்ணும் கல்லும் தாரும் மட்டுமன்று, மனிதர்க்கிடையே உள்ள ஓர் உடன்பாடு என்பதை இவ்விரு மொழிகளும் நமக்கு நினைவூட்டுகின்றன.

பெற்றோர்க்கு ஹக்கு உண்டு. அண்டை வீட்டார்க்கு ஹக்கு உண்டு. வாய் பேசாப் பிராணிக்கும் ஹக்கு உண்டு. இவற்றை நம் குடும்பங்களில் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆனால் பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு என்று அருமை நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு பெரும் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. வழியோரங்களில் அமர வேண்டா என நபியவர்கள் தடுத்தார்கள். எங்களுக்குப் பேசிக்கொள்ள வேறிடம் இல்லையே என்று தோழர்கள் முறையிட்டனர். அவ்வாறாயின் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று கூறி, அவை எவையெனவும் விளக்கினார்கள். பார்வையைத் தாழ்த்துதல், பிறர்க்குத் துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் உரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என்பனவே அவை.

பாதையோரம் அமர்ந்திருப்பவன் மீதே இத்தனை கடமை என்றால், அதன் மீது வண்டி ஏறி விரைபவன் மீது எத்தனை கடமை இருக்கும்! மிதிவண்டி ஓட்டும் எளியவரைப் பற்றியும், அவரைச் சுற்றி ஓடும் வலியவரைப் பற்றியும் இந்த ஒளியில் சிறிது சிந்திக்க விழைகிறோம். சிந்திக்கத் தூண்டியது நாம் வாழும் ஒரகடம் வட்டாரமே.

ஒரகடம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். ஏரிகள் நிறைந்த மாவட்டம் என்று பெயர் பெற்றது அது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் இங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஏர் பூட்டிய மாடுகளும் நெல் மூட்டை ஏற்றிய கட்டை வண்டிகளும் சென்ற தடங்கள் இவை. 1998இல் அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012இல் டைம்லர் நிறுவனத்தின் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் வந்தன. ரப்பரை டயராக்கும் ஆலையும் இங்கே உண்டு. சிறு வண்டி முதல் பெருவண்டி வரை, சக்கரத்தில் ஓடும் எதையும் செய்யும் ஊராகிவிட்டது இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்டிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஒன்றிய அரசின் ஆய்வு மையமும் இவ்வூரிலேதான் இருக்கிறது. அங்கே வண்டியை மோதவிட்டு, உள்ளே மனிதருக்குப் பதிலாக வைத்த பொம்மைக்கு எங்கே அடிபட்டது என்று நுட்பமாக அளக்கிறார்கள். அறிவின் பயன் அது, பாராட்டத் தக்கது. ஆனால் அந்த மதிலுக்கு வெளியே, தகரக் கூடும் இரும்புச் சட்டமும் இன்றித் திறந்த உடம்போடு மிதித்துச் செல்லும் மனிதருக்கு என்ன காவல்? அவருக்குக் காவல் இரண்டே. ஒன்று அவருடைய எச்சரிக்கை. மற்றொன்று பிறருடைய பண்பு.

இங்கே மிதிவண்டி ஓட்டுவோர் யாவர்? இரவு ஷிஃப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் பீகார், வங்காளம், ஒடிசா மாநிலத்து இளைஞர்கள், ஆலை வாயிலில் காவல் காக்கும் முதியவர்கள், பால் கேன் கட்டிச் செல்லும் உழவர்கள், பஜ்ருக்குப் பள்ளிவாசல் வரும் பெரியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2001ஆம் ஆண்டு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென்று தொடங்கிய அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் மேனிலை வகுப்பு மாணவர் யாவர்க்கும் விரிந்தது. ஆகவே தொழிற்சாலைச் சாலையின் ஓரத்தில் இன்று பதினாறு வயதுப் பிள்ளைகளும் மிதிக்கிறார்கள். ஊர் விட்டு வந்த தொழிலாளியை எண்ணும்போதெல்லாம் ஜகாத்துக்கு உரியோர் எண்மருள் ஒருவராகத் திருமறை குறிப்பிடும் இப்னுஸ் ஸபீல், அதாவது பாதையின் மகன், நம் நினைவுக்கு வருகிறார். பாதையையே தாயாகக் கொண்டவன் என்று வழிப்போக்கனுக்குப் பெயர் சூட்டிய மார்க்கம் நம்முடையது.

மிதிவண்டிக்கு அரபு மக்கள் வழங்கும் பெயர் தர்ராஜா. படிப்படியாகச் செல்லுதல் என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. குழந்தை தளர்நடை பயில்வதையும் அதே வேரால் சொல்வர். அந்த வண்டியின் இயல்புக்கு எவ்வளவு பொருத்தம்! ஓர் அடி மிதித்தால் ஓர் அடி செல்லும்; மிதிப்பதை நிறுத்தினால் நின்றுவிடும். எரிபொருள் கேளாது, புகை கக்காது, ஏழைக்கும் எட்டும். ஆனால் இக்கட்டான நேரத்தில் சட்டென முன்பாய்ந்து தப்பும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே தப்புவதற்கு வேண்டிய இடத்தையும் நேரத்தையும் முன்னரே தேடி வைத்துக்கொள்வதே அதை ஓட்டுவோன் கற்க வேண்டிய கலை.

அந்தக் கலையின் முதற் பாடத்தை நாம் ஒரு லாரி ஓட்டுநரிடம் கற்றோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், பள்ளிவாசலை அடுத்த திடலில் தம் கன்டெய்னர் லாரியை நிறுத்தியிருந்த அந்தச் சகோதரர், மக்தபுப் பிள்ளைகள் அறுவரைத் தத்தம் சைக்கிளோடு லாரியின் இடப்பக்கம் முன் சக்கரத்தை ஒட்டி நிற்கச் சொன்னார். பிறகு நம்மை நோக்கி, "ஹஜ்ரத், ஏறி என் இருக்கையில் உட்காருங்கள்" என்றார். கைப்பிடியைப் பற்றி மெல்ல ஏறி அமர்ந்தோம்.

"கண்ணாடியில் எத்தனை பிள்ளைகள் தெரிகிறார்கள், ஹஜ்ரத்?"

இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு சைக்கிளின் கேரியர் மட்டும் தெரிந்தது. அறுவருள் ஒருவருடைய முகமும் தெரியவில்லை. அவர்களுடைய சிரிப்பொலி மட்டும் கீழிருந்து கேட்டது.

"நான் கண்ணாடி பார்க்காமல் ஒரு நாளும் திரும்பியதில்லை, ஹஜ்ரத். பார்த்தும் தெரியாத இடத்தில் வந்து நிற்பவரை நான் எப்படிக் காப்பாற்றுவேன்? என் முகம் கண்ணாடியில் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நீங்களும் எனக்குத் தெரிவீர்கள். தெரியாவிட்டால், நீங்கள் அங்கே இல்லை என்றுதான் நான் வண்டியை எடுப்பேன்" என்றார் அவர்.

நூறு பயான்களில் சொல்ல இயலாததை அவர் ஐந்தே நிமிடத்தில் அப்பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டார். மேலும் ஒன்று சொன்னார். நீண்ட வண்டி இடப்புறம் திரும்புகையில் முன் சக்கரம் சென்ற தடத்தில் பின் சக்கரம் செல்வதில்லை. அது உள்ளே ஒடுங்கி, சாலையின் விளிம்பை நோக்கி வரும். முன் பகுதி கடந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று இடைவெளியில் நுழைபவனையே பின் சக்கரம் பிடிக்கிறது. ஆகவே சிக்னலிலும் ஆலை வாயிலிலும் நிற்கும் லாரியின் இடப்பக்கச் சந்தில் மிதிவண்டியை நுழைத்தல் கூடாது. அதன் பின்னே, ஓட்டுநரின் கண்ணாடிக்கு எட்டும் தொலைவில் காத்திருப்பதே அறிவுடைமை. பொறுமை என்பதற்கு இதைவிட எளிய பயிற்சி வேறென்ன உண்டு!

ஓட்டுநர்க்கும் கடமை உண்டு. ஸலாம் சொல்லும் முறையைக் கற்பிக்கையில் நபி (ஸல்) அவர்கள், வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும் முந்திச் சொல்ல வேண்டும் என்று வகுத்தார்கள். இதன் நுட்பத்தை ஆலிம்கள் விளக்குவர்: உயரத்தில் இருப்பவனுக்குப் பெருமை வருவது எளிது, ஆகவே பணிவு அவனிடமிருந்து தொடங்க வேண்டும். ஸலாம் என்பதன் பொருளோ பாதுகாப்பு, சாந்தி. ஆகவே லாரி காருக்கும், கார் மோட்டார் சைக்கிளுக்கும், மோட்டார் சைக்கிள் மிதிவண்டிக்கும், மிதிவண்டி நடப்பவருக்கும் பாதுகாப்பைக் கொடுக்கக் கடன்பட்டவை. மிதிவண்டியைக் கடக்கும் கார் எவ்வளவு இடம்விட வேண்டும் என்பதைப் பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகள் சட்டத்திலேயே எழுதி வைத்துள்ளன. ஊருக்கு வெளியே பிரான்சில் ஒன்றரை மீட்டர். ஜெர்மனியில் 2 மீட்டர். நம் சகோதரர்கள் இதை ஓர் அதபாகவே கொள்ளலாம். பேரொலி எழுப்பும் ஏர் ஹாரன்களைப் பற்றி என் சொல்ல! நடையில் நடுநிலையும் குரலில் தாழ்வும் வேண்டும் என்று லுக்மான் (அலை) தம் மகனுக்கு உபதேசித்ததைத் திருமறை எடுத்துரைக்கிறது. உரத்த குரலைக் கழுதையின் கத்தலோடு ஒப்பிடுகிறது. மிதிவண்டிக்காரரின் முதுகுக்குப் பின்னே திடுமென அலறும் ஒலி அவரை நிலைகுலையச் செய்யும் என்பதை அறிந்தவர் அதை எழுப்பமாட்டார்.

மிதிவண்டிக்காரரும் இச்சங்கிலியில் ஒரு கண்ணியே. தமக்கு மேலுள்ளோரிடம் கேட்கும் அதே மரியாதையைத் தமக்குக் கீழுள்ள நடப்போர்க்கு அவர் கொடுத்தாக வேண்டும். கடைத்தெருவில் குழந்தையை இடுக்கிச் செல்லும் தாய் ஒதுங்கட்டும் என்று மணியை விடாது அடித்துக்கொண்டு பாய்பவன், சிறிய அளவில் அந்த ஏர் ஹாரன்காரனே.

இனி, இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு கேட்டைச் சொல்ல வேண்டும். நம் சாலைகள் அகலமாகி, நடுவே தடுப்புச் சுவர் எழுந்தபின், எதிர்ப்புறம் செல்ல விரும்புவோர் வெகுதூரம் சென்று திரும்பி வர வேண்டியதாயிற்று. ஆகவே பலர் குறுக்கு வழியாக, எதிர்த்திசையிலேயே ஓரமாக மிதித்துச் செல்கின்றனர். அவ்வாறு வந்த ஓர் இளைஞரைத் தடுத்து உருதுவில் கேட்டோம்.

"ஹஜ்ரத், திரும்பும் இடம் எவ்வளவு தூரம் பாருங்கள். நேரம் தவறினால் கூலியில் பிடித்துவிடுவார்கள்" என்றார்.

அவருடைய கூற்றில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியவில்லை. ஆயினும் கணக்கு அவருக்கு எதிராக நிற்கிறது. மிதிவண்டி மணிக்கு 15 கிலோமீட்டர், லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் எனக் கொள்வோம். ஒரே திசையில் சென்றால் லாரி அவரை நெருங்கும் வேகம் 45. எதிரெதிரே வந்தால் 75. நூறு மீட்டர் இடைவெளி முதல் நிலையில் 8 நொடியில் தீரும். இரண்டாம் நிலையில் 5 நொடிக்குள் தீர்ந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநரின் கால் பிரேக்கை நாடும் அந்த ஒரு நொடிக்குள்ளேயே ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது. பாரம் ஏற்றிய வண்டி அதன் பின்னரும் நெடுந்தூரம் சென்றே நிற்கும். மேலும், குறுக்குத் தெருவிலிருந்து சாலையில் ஏறும் ஓட்டுநர் வண்டிகள் வரும் வலத்திசையையே நோக்குகிறார். இடத்திலிருந்து எவரும் வருவார் என அவர் எதிர்பார்ப்பதில்லை.

அந்த இளைஞரிடம் நாம் ஒன்றே சொன்னோம்: "மகனே, எதிர்த்திசையில்தான் போக வேண்டுமானால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ." இறங்கியவன் நடப்பவனாகிவிடுகிறான். தார் விளிம்புக்கு வெளியே, வருகின்ற வண்டிகளைக் கண்ணால் பார்த்தபடி நடந்து செல்ல அவனுக்குத் தடையில்லை. நேரம் சிறிது கூடுதலாகும். அதற்கென வீட்டை விட்டுப் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட வேண்டும். ஹஜ்ஜின்போது அரபாத்திலிருந்து மக்கள் கூட்டம் திரும்புகையில், பின்னால் ஒட்டகங்களை அதட்டி விரட்டும் இரைச்சலைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அமைதி காக்கும்படி சைகை செய்து, விரைவதில் புண்ணியம் இல்லை என்று உணர்த்தினார்கள். வணக்கத்துக்குச் செல்லும் வழியிலேயே அவசரம் ஆகாதெனில், வயிற்றுப்பாட்டுக்குச் செல்லும் வழியில் ஆகுமா? ஆயின், சாலை அமைப்போரும் ஆலை நடத்துவோரும் இதைத் தொழிலாளியின் தலையில் மட்டும் சுமத்திவிடலாகாது. வாயிலுக்கு எதிரே பாதுகாப்பாகக் கடக்கும் வழியும், சாலையோரம் மிதிவண்டிக்கென ஒரு தடமும் இருந்தால் எவரும் எதிர்த்திசையில் வரமாட்டார்.

இரவைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. எனினும் எழுதவேண்டியது கடமை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், வெளிமாநிலத்து இளைஞர் ஒருவரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் பொறுப்பு நம்மிடம் வந்தது. இரவு வேலை முடிந்து தனியே வந்தவர். சாலையோரம் விளக்கின்றி நின்ற வண்டி ஒன்றைச் சுற்றிச் செல்வதற்காகச் சாலையின் நடுப்பக்கம் விலகியிருக்கிறார். பின்னால் வந்த வாகனம் எதுவென்று தெரியவில்லை. அவருடைய சைக்கிளில் விளக்கும் இல்லை. சிவப்பு வில்லையும் இல்லை. சட்டைப் பையில் சைக்கிள் பூட்டின் சாவி இருந்தது. தொலைபேசியில் அவருடைய தாயார், மகன் கடைசியாக என்ன உண்டான் என்று கேட்டார்கள். பதில் சொல்ல அங்கே எவருக்கும் தெரியவில்லை. சில ரூபாய் விலையுள்ள ஓர் ஒளிவில்லை அந்தக் கேள்வியைத் தவிர்த்திருக்கக் கூடும் என்ற எண்ணம் இன்றுவரை நம்மை விட்டகலவில்லை.

நம் இளமையில் சைக்கிளுக்கு விளக்கில்லாமல் இரவில் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். டபுள்ஸ் போனாலும் நிறுத்துவார். சக்கரத்தில் உரசிச் சுழலும் டைனமோவின் முனகல் அந்நாளைய இரவுகளின் ஓசை. இன்று அக்கண்டிப்பு இல்லை. வண்டிகளின் வேகமோ பன்மடங்கு. முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு அல்லது ஒளியைத் திருப்பி வீசும் வில்லை, பெடல்களில் மஞ்சள் வில்லை, வெளிர் நிறச் சட்டை ஆகியவை இருந்தால் ஓட்டுநரின் கண்ணுக்கு மிதிவண்டி முன்னதாகவே புலப்படும். காணப்படுவதே இரவில் பாதிக் காவல்.

மற்றொரு பாதி, சாலையை அடைத்து நிற்கும் வண்டிகளை ஒழுங்குபடுத்துவது. இரவில் பயணத்தை நிறுத்தித் தங்குவோர் பாதையை விட்டு விலகித் தங்கும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை ஹனபி ஃபிக்ஹைத் தழுவித் தொகுத்த மஜல்லா என்னும் சட்டநூல், பொதுப்பாதையில் செல்லும் உரிமை யாவர்க்கும் உண்டு, ஆனால் பிறர்க்குத் தீங்கு நேராமை அதற்கு நிபந்தனை என்று வகுக்கிறது. பொதுப்பாதையில் பிராணியை நிறுத்தவோ கட்டிவைக்கவோ ஒருவனுக்கு உரிமையில்லை என்றும், அங்ஙனம் நிறுத்தியதால் விளைந்த சேதத்துக்கு அவன் பொறுப்பாளி என்றும் அது கூறுகிறது. கழுதைக்கும் குதிரைக்கும் எழுதிய விதி கன்டெய்னர் லாரிக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். உறக்கம் மிகுந்த ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டியதுதான். ஆனால் அதற்கென உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். இடமே இல்லையெனில் அதைக் கேட்டுப் பெறுவதும் நன்மையை ஏவுதலே.

தனியே செல்வதா, கூட்டமாகச் செல்வதா? தனிமையின் தீங்கை மக்கள் அறிந்தால் எவரும் இரவில் தனியே பயணம் போகமாட்டார் என்ற கருத்தை இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாகப் புகாரீ பதிவு செய்கிறது. மூவர் சேர்ந்தால் பயணக் கூட்டம் என்றும், அம்மூவரில் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்றும் நபிமொழிகள் உண்டு. ஆகவே இரவு ஷிஃப்டு முடிந்து வரும் சகோதரர்கள் மூவர் நால்வராகச் சேர்ந்து வருவது நன்று. ஆனால் கூட்டம் என்பது கைகோத்துச் சாலையை அடைப்பதன்று. நால்வர் பக்கம் பக்கமாகப் பேசிச் சிரித்துச் செல்கையில் வலக்கோடியில் இருப்பவர் லாரியின் தடத்தில் இருக்கிறார். அவரை ஒதுக்க இடப்புறம் இடமில்லை. வண்டிகள் மிகுந்த சாலையில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதே முறை. இருவருக்கிடையே ஒரு சைக்கிள் நீளத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். முன்னே செல்பவர் திடுமென நிறுத்தலாகாது. பள்ளம் கண்டால், கல் கண்டால், உரக்கச் சொல்ல வேண்டும். திரும்பும் முன் பின்னே நோக்கிக் கை காட்ட வேண்டும். காதில் பாட்டுக் கருவியும் கையில் அலைபேசியும் கூடா. பார்வையைத் தாழ்த்துதல் என்பதற்கு அலைபேசித் திரையை நோக்கித் தாழ்த்துதல் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டா!

விடுமுறை நாட்களில் விடியலுக்கு முன்பே சென்னையிலிருந்து தலைக்கவசமும் வண்ண உடையும் அணிந்து அணியணியாகப் புறநகர்ச் சாலைகளில் மிதித்து வரும் குழுவினரை நேயர்கள் பார்த்திருக்கலாம். அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பழகிய ஒருவர் முன்னே செல்வார். பழகிய வேறொருவர் எல்லாருக்கும் கடைசியில் வருவார். களைத்தவர், சக்கரத்தில் காற்றிறங்கியவர் எவரும் பின்தங்கி அநாதையாகாமல் பார்த்துக்கொள்வது அவர் பணி. இதைக் கண்டபோது நம் உள்ளம் நெகிழ்ந்தது. ஏனெனில் பயணங்களில் நபி (ஸல்) அவர்கள் பின்தங்கி வந்து, இயலாதவரை முன்செல்ல உதவி, தம் வாகனத்தில் பின்னே ஏற்றிக்கொண்டு, அவர்களுக்காக துஆவும் செய்வார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிப்பதாக அபூதாவூதில் படித்திருக்கிறோம். தலைவர் முன்னே மட்டும் இருப்பவரல்லர், பின்னேயும் இருப்பவர். அக்குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: விலையுயர்ந்த வண்டியில் விரைந்து வருகையில், எதிரே தென்படும் பால்கார முதியவரை உரசிக் கடவாதீர்கள். மணியடித்து, வலப்புறம் இடம்விட்டுக் கடந்து, ஒரு புன்னகையும் தந்து செல்லுங்கள். சாலை உங்களுக்கு உடற்பயிற்சி; அவருக்கு அதுவே உணவு.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விபத்துக்கு அஞ்சி மகளுக்கு மட்டும் சைக்கிள் வேண்டா என்று தடுக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அச்சம் பிள்ளைப் பாசத்தால் வருவது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பயின்றதையும், அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்ததையும் நாடே அறியும். ஒட்டகம் ஏறும் பெண்டிரில் சிறந்தோர் குறைஷிக் குலத்து நற்பெண்டிர் என்று நபி (ஸல்) அவர்கள் போற்றியதும் ஹதீஸில் உள்ளது. ஆகவே தடுப்பதை விட்டுக் கற்பிப்போமாக. செயினுக்கு முழுமூடி போட்ட வண்டியை வாங்கிக் கொடுங்கள். பர்தாவின் விளிம்பும் துப்பட்டாவின் முனையும் சக்கரத்தில் சிக்காதபடி முடிந்துகொள்ளப் பழக்குங்கள். இரு பிரேக்கையும் ஒருசேரப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். பள்ளிக்குச் செல்லும் வழியை ஒரு நாள் தந்தையும் உடன் மிதித்துச் சென்று காட்டட்டும்.

"அஜல் வந்தால் போக வேண்டியதுதான், விளக்கும் வில்லையும் தடுக்குமா, ஹஜ்ரத்?" என்று கேட்போர் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னரே அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குக் கற்பித்தார்கள். கொள்ளைநோய் பரவிய ஷாம் தேசத்துக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா எனக் கேட்கப்பட்டது. அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று விடையளித்தார்கள். பிரேக் கட்டையும் அவனுடைய விதிக்கு உட்பட்டதே. அதைத் தேயவிட்டு விதியைப் பழிப்பது தவக்குல் ஆகாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது அரசின் கணக்கு. அத்தனை உயிர்களையும் விதியின் கணக்கில் எழுதிவிட்டு நாம் கை கழுவ முடியுமா?

1970களில் ஹாலந்து நாட்டிலும் இவ்வாறே சாலையில் குழந்தைகள் மடிந்தனர். 1971இல் அங்கே சாலையில் மடிந்தோர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் நானூறுக்கும் மேலானவர் குழந்தைகள். பெற்றோர் திரண்டு, குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று குரலெழுப்பினர். அரசு செவிசாய்த்தது, மிதிவண்டிக்கெனத் தனித்தடங்கள் பெருகின, இன்று உலகில் பாதுகாப்பாக மிதிக்கத் தக்க நாடுகளில் அதுவும் ஒன்று. விதி அங்கே மாறவில்லை, மனிதர் மாறினர்.

விபத்து நேர்ந்துவிட்டால் வேடிக்கை பார்ப்பதும் விலகி ஓடுவதும் முஸ்லிமுக்கு அழகல்ல. உதவப் போனால் போலீசும் நீதிமன்றமும் அலைக்கழிக்கும் என்ற பழைய அச்சத்துக்கு இன்று இடமில்லை. நல்லெண்ணத்தோடு உதவுவோர்க்கு 2019ஆம் ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டமே காப்பளிக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் தமிழக அரசின் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. ஓர் உயிரை வாழவைத்தவன் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவனுக்கு ஒப்பாவான் என்ற திருமறையின் போதனையை மிம்பரில் கேட்டதோடு நில்லாமல், சாலையிலும் செயற்படுத்துவோமாக.

ஊர் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். துன்பம் தருவதைப் பாதையிலிருந்து அகற்றுதல் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். முள்ளையும் கல்லையும் அகற்றுவதோடு இருளையும் அகற்றலாமே! ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் சைக்கிள்களின் பின் மட்கார்டில் ஒளிப்பட்டை ஒட்டும் பணியை இளைஞர்களிடம் ஒப்படையுங்கள். செலவு சொற்பம். யாருடைய சைக்கிள், எம்மதத்தார் சைக்கிள் என்று பார்க்க வேண்டா; பாதை எல்லார்க்கும் பொது. மாதம் ஒருமுறை ஒரு லாரியைத் திடலில் நிறுத்தி, பிள்ளைகளை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றிக் காட்டுங்கள். சாலையைக் கடக்கும் வழிக்காகவும் மிதிவண்டித் தடத்துக்காகவும் நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதும் மனுவில், ஊரின் மற்றச் சமூகத்தாரோடு சேர்ந்து கையொப்பமிடுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் பிள்ளைகளையும், நம் ஊரை நம்பி வந்த பாதையின் மக்களையும், லாரியில் இரவெல்லாம் விழித்திருக்கும் ஓட்டுநர்களையும் தன் காவலில் வைத்துக் காப்பானாக! பாதைக்குரிய ஹக்கை அறிந்து கொடுப்போராக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.